மாறிக்கொண்டே இருக்கும் கணக்கு, தணிக்கை, வரி விதிகள்: புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பின்தொடர்வது எப்படி?

பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்தவர்கள், ஆர்ட்டிகிள்ஷிப் என்ற ஆபீஸ் பயிற்சியில் இருக்கும் சிஏ மாணவர்கள், கம்பெனிகளின் கணக்குப் பிரிவுக்குப் புதிதாக வந்தவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒன்று தெரிந்துவிடும். டெபிட், கிரெடிட் மாறுவதில்லை. வரி விகிதம், டீடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) வரம்பு, தணிக்கை அறிக்கையின் வாசகம், நிதிநிலை அறிக்கையின் வடிவம் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கின்றன. கல்லூரியில் வாங்கிய வரிப் புத்தகம் முதல் சம்பளம் வாங்குவதற்குள் பழசாகிவிடும்.

2025-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 1 முதல் வாடகைக்கும் தொழில்முறைக் கட்டணத்துக்கும் டீடிஎஸ் வரம்பு உயர்ந்தது. கூட்டு நிறுவனம் தன் பங்குதாரர்களுக்குத் தரும் சம்பளம், வட்டி மீது 10 சதவீத டீடிஎஸ் புதிதாக வந்தது. சரக்கு விற்பனைக்கு விற்பவர் வசூலித்துவந்த டீசிஎஸ் வரி போனது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் வரையறை விரிந்தது. ஆகஸ்ட் 21 அன்று புதிய வருமான வரிச் சட்டத்துக்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்தது. செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலான பொருட்களுக்கு நீங்கி 5, 18, 40 என்று ஆனது. இத்தனையும் ஒரே வருஷத்தில்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். என்னிடம் வேலை கற்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். ஒரு விதி மாறியது என்று காதில் விழுந்தால், என்ன மாறியது என்று கேட்பதற்கு முன் எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள். நான் பார்த்தவரை, புதிய விகிதம் தெரியாமல் தப்பு செய்கிறவர்கள் குறைவு. புதிய விகிதத்தைப் பழைய பில்லில் போடுகிறவர்களும், பழைய வரம்பைப் புது வருஷத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறவர்களும்தான் அதிகம்.

முதல் படி: உங்களுக்கு வேண்டியது எது என்று வட்டம் போடுங்கள்

ஒரு நாளில் வெளியாகும் அறிவிப்புகள் எல்லாவற்றையும் படிக்க ஆரம்பித்தால் ஒரே வாரத்தில் சலித்துவிடும். உங்கள் கையில் இருக்கும் கிளையண்ட் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவருக்குப் பொருந்தும் சட்டங்களை எழுதுங்கள். பனியன் ஜாப்வொர்க் யூனிட் என்றால் ஜிஎஸ்டி, டீடிஎஸ், பிஎஃப், எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டம். டாக்டர் என்றால் வருமான வரி, டீடிஎஸ். பிரைவேட் லிமிடெட் என்றால் இவற்றோடு கம்பெனிகள் சட்டமும் தணிக்கைத் தரநிலைகளும். அறக்கட்டளை என்றால் அதற்குத் தனி விதிகள், தனி படிவங்கள்.

பட்டியல் முடிந்ததும் எந்தச் சட்டம் அதிகம் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து முதல் ஆறு மாதத்துக்கு அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பட்டியலிட்ட கம்பெனியோ பெரிய கம்பெனியோ ஒன்றுகூட இல்லாத ஆபீசில் இருந்துகொண்டு இண்ட் ஏஎஸ் என்ற கணக்குத் தரநிலை வகுப்புக்குப் பணம் கட்டுவதில் இப்போதைக்குப் பயனில்லை. அதற்கான காலம் வரும்போது படித்துக்கொள்ளலாம்.

சிஏ மாணவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேர்வுக்கான பாடம் ஒரு குறிப்பிட்ட தேதிவரை வந்த திருத்தங்களோடு நின்றுவிடும். ஆபீசில் நடப்பது இன்றைய தேதியின் சட்டம். இரண்டும் ஒன்று என்று நினைத்து, தேர்வுக் குறிப்பைப் பார்த்து ரிட்டர்ன் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் படி: எது சட்டம், எது செய்தி என்று பிரித்துப் பாருங்கள்

வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. 'இனிமேல் இதற்கு வரி இல்லை' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அது எங்கிருந்து கிளம்பியது என்று பார்க்கப் பழகுங்கள். நிதியமைச்சர் பேசியதா? ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்ததா? மசோதாவில் இருப்பதா? அறிவிக்கையாக வந்துவிட்டதா? ஒவ்வொன்றுக்கும் எடை வேறு.

பட்ஜெட் உரை சட்டம் அல்ல. இதற்கு நல்ல உதாரணம் 2024 ஜூலை 23 பட்ஜெட். நிலம், கட்டடம் விற்றால் கிடைக்கும் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு இண்டெக்ஸேஷன் (வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) கிடையாது, விகிதம் 12.5 சதவீதம் என்று அன்று அறிவித்தார்கள். அன்றிரவே பலர் கணக்குப் போட்டு கிளையண்டுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது. ஆகஸ்ட் 7-ல் மக்களவை மசோதாவை நிறைவேற்றியபோது அதில் ஒரு திருத்தம் ஏறியிருந்தது: 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் இண்டெக்ஸேஷனோடு 20 சதவீதம் போட்டுப் பார்த்து, எது குறைவோ அந்த வரியைக் கட்டினால் போதும். ஜூலையில் போட்ட கணக்கையே நம்பியிருந்தவர் பழைய சொத்துக்குத் தேவையில்லாமல் அதிக வரி காட்டியிருப்பார்.

நாடாளுமன்றம் நிறைவேற்றுவது சட்டம். அதன் கீழ் அரசு போடுவது விதிகளும் அறிவிக்கைகளும். இவற்றுக்குச் சட்டத்தின் பலம் உண்டு. சுற்றறிக்கை என்பது துறை தன் அதிகாரிகளுக்குத் தரும் விளக்கம். அது அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும், நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. கேள்வி பதில் தொகுப்பும் பத்திரிகைக் குறிப்பும் புரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான். அவற்றை நம்பி ஒரு நிலைப்பாட்டை எடுத்தால், நோட்டீஸ் வரும்போது கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

ஜிஎஸ்டியில் இன்னொரு அடுக்கும் உண்டு. 2025 செப்டம்பர் 3-ல் கவுன்சிலின் 56-வது கூட்டம் விகிதங்களைப் பரிந்துரைத்தது. சரக்குகளுக்கு அதைச் சட்டமாக்கியது செப்டம்பர் 17 தேதியிட்ட 9/2025 மத்திய வரி (விகிதம்) அறிவிக்கை. மாநிலப் பங்கு வரிக்குத் தமிழ்நாடு அரசும் தன் பக்கம் அரசாணை வெளியிட்டாக வேண்டும். சரக்கை வகைப்படுத்தும் ஹெச்எஸ்என் எண் எந்த அட்டவணையில் எந்த வரிசையில் இருக்கிறது என்பதை அறிவிக்கையில் விரல் வைத்துப் பார்க்காமல், பத்திரிகையில் வந்த பட்டியலைப் பார்த்து டேலி மென்பொருளில் விகிதம் மாற்றாதீர்கள். பத்திரிகைப் பட்டியலில் 'ஹோட்டல் அறை 12-லிருந்து 5' என்றுதான் இருந்தது. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகாத அறைகளுக்கு மட்டும்தான் அது என்பதும், அந்த 5 சதவீதத்துக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது என்பதும் முழு வாசகத்தில்தான் தெரியும். விடுதி நடத்துகிறவருக்கு லாப நஷ்டமே அந்த இரண்டாவது பாதியில் இருக்கிறது.

மூல வாசகம் கிடைக்கும் இடங்கள் எல்லாம் இலவசம். வருமான வரித் துறையின் தளம், மத்திய மறைமுக வரி வாரியத்தின் வரித் தகவல் தளம், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளம், மத்திய அரசின் மின் அரசிதழ். இந்த நான்கையும் பிரௌசரில் புக்மார்க் செய்துவையுங்கள்.

மூன்றாம் படி: தேதியைப் பிரித்துப் படியுங்கள்

தேதி என்று ஒற்றையாகச் சொன்னாலும் உள்ளே பல தேதிகள் இருக்கின்றன. அறிவிக்கை வெளியான தேதி, அது நடைமுறைக்கு வரும் தேதி, எந்தக் காலத்து வருமானத்துக்குப் பொருந்தும் என்பது, ரிட்டர்ன் போடும் தேதி. இவற்றை ஒன்றோடொன்று குழப்பினால் விதி சரியாகத் தெரிந்திருந்தும் வேலை தப்பாகிவிடும்.

அந்த ஹோட்டல் அறையையே எடுத்துக்கொள்வோம். விகிதம் மாறும் நேரத்தில் எதைப் போடுவது என்பதை மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 14-ம் பிரிவு சொல்கிறது. சேவை நடந்த நாள், பில் போட்ட நாள், பணம் வந்த நாள் என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றில் இரண்டு எந்தப் பக்கம் விழுகின்றனவோ அந்தப் பக்கத்து விகிதம்.

விருந்தினர் செப்டம்பர் 20-ல் தங்கினார், 21-ல் பில் போட்டார்கள், பணம் அக்டோபர் 10-ல் வந்தது. இரண்டு பழைய பக்கம். ஆகவே 12 சதவீதம். இன்னொருவர் ஆகஸ்டிலேயே முன்பணம் முழுவதும் கட்டிவிட்டு செப்டம்பர் 25-ல் வந்து தங்கினார், அன்றே பில். இரண்டு புதிய பக்கம். 5 சதவீதம். மூன்றாமவரும் 25-ல்தான் தங்கினார், ஆனால் பில்லும் பணமும் ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டன. அவருக்குப் பழைய 12. ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்து அறையில் தங்கிய இருவருக்கு இரண்டு விகிதம் வருகிறது; இரண்டும் சரி.

அடுத்தது, தள்ளிப்போகும் தேதிகள். தணிக்கை அறிக்கையோடு இணைக்கும் காரோ 2020 ஆணை 2020 பிப்ரவரி 25-ல் வந்தது. முதலில் 2019-20 கணக்குக்கே பொருந்தும் என்றார்கள். பிறகு 2020-21-க்குத் தள்ளினார்கள். கடைசியில் 2021-22-லிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. கணக்கு மென்பொருளில் எடிட் லாக் (யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவு) கட்டாயம் என்ற விதியும் இப்படித்தான்: 2021 ஏப்ரல் என்றது 2022 ஆகி, பின் 2023 ஏப்ரல் 1-ல் நின்றது. ஆகையால் அறிவிப்பு வந்த அன்றே பழைய படிவங்களைத் தூக்கிப்போட வேண்டாம். நடைமுறைத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் ஒருமுறை அதே அமைச்சகத் தளத்துக்குப் போய், தள்ளிவைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

பின்னோக்கிப் போகும் தேதிகளும் உண்டு. சொந்தக் கட்டடம் கட்டி வாடகைக்கு விடுகிறவர்களுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்கலாம் என்று 2024 அக்டோபர் 3-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் வாசலைத் திறந்தது. 2025 நிதிச் சட்டம் அந்தப் பிரிவைத் திருத்தியது, அதுவும் 2017 ஜூலை 1 முதலே அப்படித்தான் இருந்தது என்று. தீர்ப்பு வந்த உற்சாகத்தில் வரவு எடுத்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கிளையண்டுக்குச் சாதகமான தீர்ப்பு என்றால், அதன் பிறகு வந்த திருத்தத்தையும் தேடிப் பார்த்த பின்புதான் அவரிடம் சொல்ல வேண்டும்.

இப்போது புதியவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய தேதிக் குழப்பம் ஒன்று இருக்கிறது. வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. 536 பிரிவுகள், 23 அத்தியாயங்கள், 16 அட்டவணைகள். பழைய சட்டத்தில் முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்று இரண்டு இருந்தன. புதியதில் வரி ஆண்டு என்று ஒன்றுதான். கேட்க எளிது. ஆனால் 2026-27 என்ற எண்ணைப் பாருங்கள். மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்றால் 2025 ஏப்ரலிலிருந்து 2026 மார்ச் வரை சம்பாதித்தது. அதற்குப் பழைய 1961 சட்டம். வரி ஆண்டு 2026-27 என்றால் 2026 ஏப்ரலிலிருந்து 2027 மார்ச் வரை சம்பாதிப்பது. அதற்குப் புதிய சட்டம். எண் ஒன்று, வருமானம் வேறு, சட்டமும் வேறு.

2026-ல் ஒரே மேஜையில் இரண்டும் நடக்கும். காலையில் ஒருவருடைய 2025-26 வருமானத்துக்குப் பழைய சட்டப்படி ரிட்டர்ன் தயார் செய்வீர்கள். அதில் 80சி கழிவு (சேமிப்பு போன்றவற்றுக்கான வரிக்கழிவு) இருக்கும். மதியம் அதே கிளையண்டின் ஜூன் மாதக் கட்டணத்துக்கு டீடிஎஸ் பிடிப்பீர்கள். அது புதிய சட்டத்தின் 393-ம் பிரிவு. சம்பளத்துக்கு 392. பழைய 80சி கழிவு புதியதில் 123. சலான் கட்டும்போது ஆண்டு என்று கேட்கும் இடத்தில் யோசிக்காமல் 2026-27 என்று தட்டிவிட்டால், பணம் வேறு கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். எந்த வேலைத்தாளிலும் வெறும் 2026-27 என்று எழுதாதீர்கள். 'மதிப்பீட்டு ஆண்டு' அல்லது 'வரி ஆண்டு' என்று முன்னால் போட்டு எழுதும் வழக்கத்தை இன்றைக்கே ஆபீசில் கொண்டுவாருங்கள். பழைய சட்டத்தின் நிலுவை மதிப்பீடுகளும் மேல்முறையீடுகளும் இன்னும் பல வருஷம் ஓடும், அதனால் 1961 சட்டப் புத்தகத்தையும் பரணில் போட்டுவிட வேண்டாம்.

நான்காம் படி: ஒரு எக்செல் ஷீட், ஒரு பென்சில்

எக்செல்லில் ஒரு ஷீட் திறந்து இந்தத் தலைப்புகளைப் போடுங்கள்: சட்டம், பழைய நிலை, புதிய நிலை, அறிவிக்கை எண்ணும் தேதியும், நடைமுறைத் தேதி, எந்தக் காலத்துக்குப் பொருந்தும், எந்தக் கிளையண்டுகளுக்கு, மென்பொருளில் என்ன மாற்ற வேண்டும், கிளையண்டுக்குச் சொன்ன தேதி. ஒரு மாற்றத்துக்கு ஒரு வரிசை போதும். அறிவிக்கை எண் இல்லாத வரிசையைச் சேர்க்காதீர்கள். எண் கிடைக்கவில்லை என்றால் அது இன்னும் செய்தி நிலையில்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

பென்சில் எதற்கு? திருத்தச் சட்டம் படிக்கும் விதத்தில் இருக்காது. 'இன்ன பிரிவின் இன்ன உட்பிரிவில், இந்தச் சொற்களுக்குப் பதிலாக இந்தச் சொற்களை வைக்கவும்' என்று துண்டு துண்டாகத்தான் இருக்கும். புதியவர்கள் இதைப் பார்த்ததும் மிரண்டுபோய் யாராவது எழுதிய சுருக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், உங்களுடைய சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவை எடுங்கள். நீக்கச் சொன்ன சொற்களைப் பென்சிலால் அடியுங்கள். புதிய சொற்களை மேலே எழுதுங்கள். ஓரத்தில் நடைமுறைத் தேதியைக் குறியுங்கள். பிறகு பிரிவை முதலிலிருந்து வாய்விட்டுப் படியுங்கள். இதற்குக் கால் மணி நேரம் ஆகும். ஒரு மணி நேர வகுப்பில் கிடைக்காத தெளிவு அதில் கிடைக்கும், ஏனென்றால் எது மாறவில்லை என்பதும் அப்போது கண்ணில் படும்.

ஐந்தாம் படி: உங்கள் லெட்ஜரில் போட்டுப் பாருங்கள்

படித்ததை உண்மையான இரண்டு மூன்று பில்களில் வைத்துச் சோதிக்காமல் ஒரு விதியைப் புரிந்துகொண்டதாக நினைக்காதீர்கள். வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவோடு 2023 நிதிச் சட்டம் சேர்த்த ஹெச் உட்பிரிவை எடுத்துக்கொள்வோம். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் தராவிட்டால், அந்தச் செலவை அந்த ஆண்டு கழிக்க முடியாது. கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இல்லை என்றால் கெடு 15 நாள். ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்னபடி, ஆனால் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. மதிப்பீட்டு ஆண்டு 2024-25 முதல் இது உண்டு. பிரிவு எண் மாறினாலும் புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

இப்போது கிரெடிட்டர் லெட்ஜரைத் திறங்கள். ஒரு சின்ன யூனிட்டிடம் 2025 மார்ச் 10-ல் 2 லட்ச ரூபாய்க்குச் சரக்கு வாங்கியிருக்கிறார்கள். ஒப்பந்தம் எதுவும் இல்லை. கெடு மார்ச் 25. பணம் ஏப்ரல் 20-ல்தான் போயிருக்கிறது. 2024-25 கணக்கில் அந்த 2 லட்சம் லாபத்தோடு திரும்பச் சேரும். கழிவு 2025-26-ல் கிடைக்கும். இதே பில்லுக்கு 45 நாள் என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்திருந்தால் கெடு ஏப்ரல் 24. ஏப்ரல் 20-ல் கொடுத்தது கெடுவுக்குள் வந்துவிடுகிறது, 2024-25-லேயே கழிவு உண்டு. இன்னொரு பில், மார்ச் 25-ல் வாங்கியது, ஒப்பந்தம் இல்லை, ஏப்ரல் 8-ல் பணம் கொடுத்தாயிற்று. கெடு ஏப்ரல் 9. இதுவும் தப்பித்தது.

இந்த மூன்று பில்லைப் போட்டுப் பார்த்தவுடன் கேள்விகள் தானாகக் கிளம்பும். ரிட்டர்ன் போடும் கெடுவுக்குள் கொடுத்தால் போதுமே, 43பி-யின் மற்ற செலவுகளுக்கு அப்படித்தானே? இந்த உட்பிரிவுக்கு அந்தச் சலுகை இல்லை. நவம்பர் பில்லுக்குக் கெடு தாண்டி பிப்ரவரியில் கொடுத்தால்? அதே நிதியாண்டுக்குள் கொடுத்துவிட்டதால் கழிவு போகாது, ஆனால் எம்எஸ்எம்இடி (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டு) சட்டப்படி வட்டிப் பொறுப்பு வரும். அந்த வட்டிக்கு வருமான வரியில் கழிவு கிடையாது. சப்ளையர் நடுத்தர நிறுவனம் என்றால்? இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. அப்படியானால் யார் குறு, யார் சிறு என்று எப்படித் தெரியும்? அவர்களுடைய பதிவுக்கான உத்யம் சான்றிதழ் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகளும் மாறிவிட்டன: குறு நிறுவனத்துக்கு முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி. சிறு நிறுவனத்துக்கு 25 கோடி, 100 கோடி. நேற்றுவரை நடுத்தரமாக இருந்த சப்ளையர் இன்று சிறு நிறுவனமாகி உங்கள் பட்டியலுக்குள் வந்திருக்கலாம்.

மென்பொருள் சம்பந்தப்பட்ட விதிகளையும் இப்படியே கைப்படச் சோதியுங்கள். எடிட் லாக் விதி கம்பெனிகளுக்கு மட்டும். கூட்டு நிறுவனத்துக்கோ தனி உரிமையாளருக்கோ இல்லை. ஒரு கம்பெனியின் டேலியில் சோதனைக்கு ஒரு வவுச்சர் போட்டு, தொகையை மாற்றி, யார் எப்போது மாற்றினார்கள் என்று பதிவாகிறதா பாருங்கள். வருஷம் முழுவதும் அந்த வசதி ஓடியதா, இடையில் யாராவது பதிவில் கைவைத்தார்களா, பழைய பதிவுகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று தணிக்கையாளர் அறிக்கையில் எழுத வேண்டியிருக்கிறது. மார்ச் 31-ல் பார்த்தால் ஏப்ரலில் என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் இந்தச் சோதனையை ஆண்டின் முதல் மாதத்திலேயே செய்துவிடுங்கள்.

ஆறாம் படி: வகுப்புக்குப் போவது

இத்தனைக்கும் பிறகுதான் பயிற்சி வகுப்பு. வரிசை முக்கியம். பிரிவை ஒருமுறை படித்து, ஒரு பில்லில் போட்டுப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று தெரிந்துகொண்டு போகிறவருக்குத்தான் வகுப்பு பலன் தரும். வெறும் கையோடு போனால் ஸ்லைடுகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம். அந்தப் படங்களை யாரும் பிறகு பார்ப்பதில்லை.

சிஏக்களின் அமைப்பான ஐசிஏஐ-யின் தென்னிந்திய மண்டலக் கவுன்சில் சென்னையில் இருக்கிறது. கோவை, மதுரை, திருச்சி, சேலம், ஈரோடு, திருப்பூர் போன்ற ஊர்களில் கிளைகள் இருக்கின்றன. பட்ஜெட் சமயத்திலும், தணிக்கைக் காலத்துக்கு முன்பும் இவை நடத்தும் கூட்டங்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஐசிஏஐ-யின் டிஜிட்டல் லேர்னிங் ஹப்பில் பதிவுசெய்த வகுப்புகள் கிடைக்கின்றன. காஸ்ட் அக்கவுண்டண்ட், கம்பெனி செக்ரட்டரி நிறுவனங்களும் தனித்தனியே நடத்துகின்றன. என் தேர்வு எப்போதும் சின்னக் கூட்டம்தான். இருபது முப்பது பேர் கூடும் ஸ்டடி சர்க்கிளில் கை தூக்கிக் கேள்வி கேட்கலாம். பேசுகிறவர் தன் கோப்பில் நடந்ததைச் சொல்வார்.

தகுதி பெற்று பிராக்டிஸ் தொடங்கியவர்களுக்கு இது கட்டாயமும்கூட. 2023-25 மூன்றாண்டுத் தொகுப்பில், 60 வயதுக்குட்பட்ட பிராக்டிஸ் உறுப்பினர் 120 சிபிஇ (தொடர் கல்வி) மணி நேரம் முடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஆண்டும் குறைந்தது 20 மணி நேரம் முறையான வகுப்பாக இருக்க வேண்டியிருந்தது. இப்போதைய தொகுப்புக்கான கணக்கை ஐசிஏஐ அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மணி நேரத்தைத் தேற்றுவதற்காக டிசம்பர் கடைசி வாரத்தில் எதையாவது உட்கார்ந்து கேட்பதைவிட, உங்கள் வட்டத்துக்குள் வரும் தலைப்புகளை ஜனவரியிலேயே குறித்துவைத்துக்கொள்வது மேல்.

தனியார் கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள். பாடத்திட்டம் எந்தத் தேதிவரை திருத்தப்பட்டது? அறிவிக்கை எண்களோடு குறிப்புகள் தருவார்களா? போர்ட்டலில் செய்து காட்டுவார்களா? முதல் கேள்விக்கே தெளிவாகப் பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

வகுப்பு முடிந்த மறுநாள் ஆபீசில் மற்றவர்களை உட்காரவைத்து அரை மணி நேரம் சொல்லிக்கொடுங்கள். சீனியர்கள் இதற்கு நேரம் ஒதுக்கித் தர வேண்டும். ஆர்ட்டிகிள்ஷிப் இப்போது இரண்டு வருஷம்தான். அந்தப் பிள்ளைகள் பார்க்கப் போவது இரண்டே இரண்டு தணிக்கைக் காலம். அதற்குள் அவர்கள் கையில் ஒரு பழக்கத்தைக் கொடுத்து அனுப்புவது நம் கடமை.

கணக்குத் தரநிலையும் தணிக்கையும்

வரி விதிகளைவிட இவை மெதுவாக மாறுகின்றன, அதனால்தான் கவனம் நழுவுகிறது. கம்பெனி அல்லாத நிறுவனங்களின் நிதிநிலை அறிக்கைக்கு ஐசிஏஐ வகுத்த வடிவம் 2024-25 முதல் பொருந்துகிறது. கூட்டு நிறுவனத்துக்கும் தனி உரிமையாளருக்கும் பல வருஷமாகப் போட்டுவந்த டி வடிவ பேலன்ஸ் ஷீட்டை அப்படியே எடுத்து எண்ணை மட்டும் மாற்றினால் போதாது. போன வருஷத்து எண்களையும் புதிய தலைப்புகளின்படி பிரித்துப் போட வேண்டும். பெரிய கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் 2027 ஜனவரி 1 முதல் உலக அளவில் வரும் ஐஎஃப்ஆர்எஸ் 18 என்ற கணக்குத் தரநிலையை இப்போதே ஒரு பார்வை பார்த்துவைக்கலாம். லாப நஷ்டக் கணக்கின் தோற்றத்தையே அது மாற்றுகிறது.

தணிக்கையில் விதி தெரிந்திருந்தால் மட்டும் போதாது, பார்த்ததற்குச் சான்று கோப்பில் இருக்க வேண்டும். எந்த நாளில் யார் எதைப் பார்த்தார், என்ன முடிவுக்கு வந்தார் என்று அன்றன்றே எழுதுங்கள். அறிக்கை தேதியிலிருந்து சாதாரணமாக 60 நாளுக்குள் கோப்பை மூடிவிட வேண்டும். 2019-லிருந்து ஒவ்வொரு தணிக்கை அறிக்கைக்கும் சான்றிதழுக்கும் 18 இலக்க யுடிஐஎன் என்ற அடையாள எண் கட்டாயமாகிவிட்டதால், எந்த அறிக்கை எந்த நாளில் கையெழுத்தானது என்பதை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். 2018 அக்டோபரில் தணிக்கையாளர்களைக் கண்காணிக்கும் என்எஃப்ஆர்ஏ வந்த பிறகு அது வெளியிடும் உத்தரவுகளைப் படியுங்கள். அவை பட்டியலிட்ட கம்பெனிகளையும் பெரிய கம்பெனிகளையும் பற்றியவை என்றாலும், ஒரு வேலைத்தாளில் எது விடுபட்டால் என்ன கேள்வி வரும் என்பதை அவற்றைப் போலத் தெளிவாகக் காட்டும் பாடநூல் இல்லை.

கடைசிப் படி: கிளையண்டிடம் சொல்வது

உங்கள் ஷீட்டில் ஒரு மாற்றம் ஏறிவிட்டால் போதாது. பில் போடுகிறவரும் பணம் கொடுக்கிறவரும் கிளையண்ட்தான். அவருக்குத் தெரியாத விதியால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அவருக்குப் பிரிவு எண் வேண்டாம், அறிவிக்கையின் பிடிஎஃப் வேண்டாம். அவர் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் எவ்வளவு போகும் என்று அவருடைய மொழியில், அவருடைய எண்களோடு சொல்லுங்கள். இப்படி:

"ஐயா, வணக்கம். சின்ன யூனிட்களுக்கு நாம் தர வேண்டிய பாக்கிப் பட்டியலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மஞ்சள் போட்ட நான்கு பில்களுக்கும் கெடு முடிந்துவிட்டது. மார்ச் 31-க்குள் கொடுத்துவிட்டால் செலவு இந்த வருஷத்திலேயே கழியும். இல்லை என்றால் மொத்தம் 6,40,000 ரூபாய் லாபத்தில் சேரும். பச்சை போட்ட இரண்டுக்கும் 45 நாள் ஒப்பந்தம் இருப்பதால் ஏப்ரல் 9 வரை நேரம் இருக்கிறது. அந்த இரண்டு பேரிடமும் உத்யம் சான்றிதழ் வாங்கிக் கொடுங்கள் ஐயா, கோப்பில் இல்லை."

இதைப் பிப்ரவரி கடைசியில் அனுப்புங்கள். மார்ச் 29-ல் அனுப்பினால் பணம் புரட்ட அவருக்கு நாள் இருக்காது. இரண்டு நாளில் பதில் வரவில்லை என்றால் போன் போட்டு, பார்த்தீர்களா ஐயா என்று கேளுங்கள். அவர் பார்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகு, ஷீட்டின் கடைசிக் கட்டத்தில் அன்றைய தேதியைப் போடுங்கள்.